வன்னியில் பழைய பென்ஸ் ஓட்டினால் சனம் கேட்கும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியில் 1983ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 240டி ஒன்றை ஓட்டுகிறேன். அதை எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள். பெற்றோல் செட்டில் கேட்பார்கள், மாங்குளம் சந்தியில் கேட்பார்கள், முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் வாங்க இறங்கினால் கட்டாயம் கேட்பார்கள். பழைய ஒஸ்டின், பீஜோ, ஜாகுவார் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் இதே கதைதான். பார்க்க வருகிறவர்கள் கேட்பதும், வாங்க யோசிக்கிறவர்கள் கேட்பதும், வாங்கிவிட்டு ஊர் வாய்க்குப் பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிறவர்கள் கேட்பதும் இங்கே கலந்து கிடக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"அண்ணை, இது எந்த வருசம்? இப்பவும் ஓடுமோ?"

காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கின கையோடு இந்தக் கேள்வி வரும். ஓடித்தான் வந்தது என்று சொன்னாலும், "இல்லை, தூரம் ஓடுமோ?" என்று அடுத்தது வரும். தூரமும் ஓடும். டபிள்யூ123 என்று அழைக்கப்படும் இந்த வரிசையை 1975 கடைசியிலிருந்து 1986 தொடக்கம் வரை செய்தார்கள். கிட்டத்தட்ட 27 இலட்சம் கார்கள் வெளியே வந்தன. ஜெர்மனியில் இதே காரைத்தான் ரக்சியாக ஓட்டினார்கள். என்னுடையது 2.4 லீற்றர் டீசல், நாலு சிலிண்டர், 72 குதிரைவலு. அவ்வளவு எடைக்கு இந்த வலு குறைவுதான், ஆனால் எஞ்சினை யாரும் வருத்தாததால் அது நீண்ட காலம் உழைக்கும். எண்ணெயை நேரத்துக்கு மாற்றி, 24,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை வால்வு இடைவெளியைச் சரிபார்த்தால் வேறு அதிசயம் தேவையில்லை.

"கிளாசிக் எண்டால் என்ன கணக்கு? எங்கட அப்புவின்ர ஏ40உம் அதுக்குள்ள வருமோ?"

வரும். இங்கிலாந்தில் ஒஸ்டின் ஏ40 சோமர்செட் (1952–54) சாதாரணக் குடும்பக் கார். அங்கே சொகுசு என்றால் ஹம்பர் சூப்பர் ஸ்னைப், ஜாகுவார் மார்க் 2 என்று வேறு வரிசை. ஆனால் அந்தக் காலத்து வன்னியில் கார் வைத்திருந்தவர் என்றாலே டொக்டர், அரிசி ஆலை முதலாளி, கொந்தராத்துக்காரர், அல்லது ஹயர் (வாடகைக்கு) ஓடுகிறவர். ஊருக்கே ஒன்றோ இரண்டோ கார் நின்ற இடத்தில் ஏ40 தான் பென்ஸ். அதனால் இந்தப் பக்கத்தில் சொகுசுக் கார், பழைய கார் என்று கோடு கிழித்துப் பிரிப்பதை நான் விட்டுவிட்டேன். பார்க்கிற சனமும் அப்படிப் பிரிப்பதில்லை.

நாட்டில் இவ்வளவு பழைய கார் மிஞ்சியதற்கு ஒரு காரணம், 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977க்குப் பிறகுதான் கதவு திறந்தது. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. வடக்கில் அந்தப் பழக்கம் போரால் இன்னொரு இருபது வருடம் நீண்டது.

"பென்ஸ் வச்சிருக்கிறியள், நல்ல காசுபோல?"

இது முகத்துக்கு நேரே குறைவாகத்தான் வரும். விலையில்தான் தெரியும். சந்தையில் காரை நிறுத்திவிட்டு மீன் கேட்டால் ஒரு விலை, சைக்கிளில் போனால் இன்னொரு விலை. கோயில் திருவிழா நன்கொடைக் கொப்பியில் உங்கள் பெயருக்கு நேரே யாரோ முன்கூட்டியே ஒரு தொகையை மனதில் எழுதி வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் புது ஜப்பான் காரின் விலையில் இப்படி இரண்டு மூன்று பழைய பென்ஸ் வாங்கலாம் என்பது யாருக்கும் உறைக்காது. பொனட்டில் நிற்கும் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

இதை விளக்கப் போகாதீர்கள். விலையைச் சொன்னால் "பொய் சொல்லுறார்" என்பார்கள். சொல்லாவிட்டால் "மறைக்கிறார்" என்பார்கள். நான் "டீசல் கார், லீற்றருக்குப் பத்து, பதினொன்று கிலோமீற்றர் ஓடும்" என்று பேச்சை எரிபொருளுக்குத் திருப்பிவிடுவேன். எரிபொருள் கணக்கு இங்கே எல்லாருக்கும் பிடித்த பேச்சு. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் பங்கீடு வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். அந்த வரிசைகளில் பெரிய பெற்றோல் எஞ்சின் ஜாகுவாரோடு நின்ற நண்பரைப் பார்த்துச் சனம் சிரிக்கவில்லை, பரிதாபப்பட்டது. பணக்காரன் என்ற பெயர் அவருக்கு அந்த மாதங்களில் மட்டும் இல்லாமல் போனது.

"ஆரின்ர கார் இது?"

நான் கவனித்த வரையில், கொழும்பில் இறங்கினால் "என்ன விலை?" என்று தொடங்குவார்கள். வன்னியில் "ஆரின்ர கார்?" என்று தொடங்குவார்கள். என்னுடையது என்று சொன்னால் போதாது. "முதல் ஆரின்ர?" என்று பின்னால் போவார்கள். கண்டிப் பக்கத்தில் வாங்கினேன் என்றதும் சிலர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். அவர்கள் தேடியது ஒஸ்டினோ பென்ஸோ அல்ல, தெரிந்த ஆள் ஒருவரை.

பழைய கார் வாங்கி இந்தப் பக்கம் ஓட்ட நினைக்கிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். உங்கள் காரின் நிறமும் குரோமும் யாருக்கும் பெரிய விசயமில்லை. அது எங்கே இருந்தது, யாரை ஏற்றியது, எப்படித் தப்பியது என்றுதான் கேட்பார்கள். காரின் வரலாற்றைத் தெரிந்து வைத்திருங்கள். பழைய சொந்தக்காரர்களின் பெயர்கள் பதிவுப் புத்தகத்தில் வரிசையாக இருக்கும். அதைச் சொல்லத் தெரிந்தவரை இங்கே மதிப்பார்கள்.

"வயசு போனவை ஏன் இதைக் கண்டால் கண் கலங்குகினம்?"

காரணம் ஒன்றல்ல. ஒருவருக்கு அது ஹயர் காலம்: ஏழு பேர், எட்டுப் பேர், மடியில் பிள்ளை, டிக்கியில் நெல் மூட்டை. இன்னொருவருக்கு அது தாயைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன இரவு. இன்னும் பலருக்கு அது 2008, 2009. கிளிநொச்சியிலிருந்து கிழக்கே, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரம், லொறி, மோட்டார் சைக்கிள், கார் எல்லாம் வழியில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். சண்டை முடிந்து வெகுகாலம் வரை அந்த வாகனங்கள் துருப்பிடித்துக் குவிந்து கிடந்ததை அந்தப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பார்கள்.

ஒரு பெரியவர் உங்கள் காரின் மட்கார்டைத் தடவிக்கொண்டு பேசாமல் நின்றால், அவரை விடுங்கள். "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேட்டுக் கதை பிடுங்காதீர்கள், போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். "ஏறி இருந்து பாருங்கோ ஐயா" என்று கதவைத் திறந்துவிட்டால் போதும். அவர் விரும்பினால் சொல்வார். பெரும்பாலும் சொல்வார்கள், ஆனால் காரைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் தொடங்குவார்கள்.

"மண்ணெண்ணெயிலை ஓடினது உண்மையோ, இல்லாட்டிக் கதையோ?"

உண்மை. போர்க்காலத்தில், 1990க்குப் பிறகு பெற்றோலும் டீசலும் பற்றரியும் வடக்குக்குத் தடை. கிடைத்தது பங்கீட்டு மண்ணெண்ணெய், அதுவும் குறைவு. பழைய ஒஸ்டின், மொரிஸ் எஞ்சின்களின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவையை எவ்வளவு அமுக்குகிறது என்ற கணக்கு) 7:1 அளவுதான். அதனால் தரம் குறைந்த எரிபொருளையும் சகித்தன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, சேலைன் குழாய் வழியாகச் சொட்டவிட்டு எஞ்சினைப் பிடிப்பார்கள். பற்றரி செத்திருந்தால் முன்னால் கம்பி போட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். டீசல் வாகனக்காரர்கள் மண்ணெண்ணெயோடு சமையல் எண்ணெய் கலந்தார்கள், பம்புக்கு வழுக்கும் தன்மை வேண்டுமே.

ஆனால் "இப்பவும் அப்பிடி ஓட்டலாம்தானே?" என்று கேட்கும் பெடியளுக்குப் பதில்: வேண்டாம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணியாக்கும், பெயரிங் போகும். அன்றைக்கு வேறு வழி இல்லாததால் செய்தார்கள், அடிக்கடி எஞ்சினைக் கழற்றியும் செய்தார்கள். இலாபமும் இல்லை: 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலையே 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது.

"இளம் பெடியள் என்ன சொல்லுகினம்?"

"டொப் ஸ்பீட் என்ன அண்ணை?" 240டிக்கு 140 கிலோமீற்றரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் நூறைத் தொடவே 20 வினாடிக்கு மேல் எடுக்கும் என்று சொன்னால் பாதிப் பேர் அங்கேயே போய்விடுவார்கள். மிச்சப் பேர் படம் எடுப்பார்கள். இன்னும் சிலர் அலோய் வீல் போடுங்கோ, கறுப்புக் கண்ணாடி ஒட்டுங்கோ, கீழே இறக்குங்கோ என்று யோசனை சொல்வார்கள். வன்னியில் கிரவல் றோட்டுக்கு இறங்காமல் யாரும் இருக்க முடியாது. காரைப் பதித்தால் முதல் பள்ளத்திலேயே எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி, சம்ப், அடிபடும்.

அவர்களைக் கவர்வது வேறு. சாரதிக் கதவைத் திறப்பால் பூட்ட, மற்ற மூன்று கதவும் டிக்கியும் தன்பாட்டில் பூட்டிக்கொள்ளும். ரிமோட் இல்லை, மோட்டர் இல்லை, எல்லாம் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடக் குழாயில் நடக்கிறது. பொனட்டை நேரே செங்குத்தாக நிமிர்த்தி நிறுத்தலாம். இந்த இரண்டையும் காட்டினால் கூட்டம் சேரும். நட்சத்திரத்தை மட்டும் கவனியுங்கள். அது ஸ்பிரிங்கில் நிற்கிறது, மடித்துப் பார்க்க எல்லாருக்கும் ஆசை, பிடுங்கிப் பார்க்கச் சிலருக்கு ஆசை.

"புதுக் காரிலை இருந்து இறங்கி இதை ஓட்டினால் எப்பிடி இருக்கும்?"

முதல் நாள் பிடிக்காது. ஸ்டியரிங் பெரிது, அதைத் திருப்பக் கார் கொஞ்சம் யோசித்துத் திரும்பும். குளிர்ந்த எஞ்சின் பிடிக்கும்போது கட்டிலில் படுத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் எழும்புவார். ஆக்சிலரேற்றரை மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். கைப் பிரேக்கைத் தேடுவீர்கள். அது இடது காலுக்குப் பக்கத்தில் மிதிக்கிற பிரேக். முந்திப் போவதற்கு முன் எதிர்ப்பக்க வீதி ஓமந்தை வரை வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது மூன்றாவது நாளில் ஏதோ மாறும். ஏ9இல் குடியிருப்புக்கு வெளியே காருக்குச் சட்டப்படி 70தான். அந்த வேகத்தில் இந்தக் கார் அதன் முழு நிம்மதியில் இருக்கும். சீற்றுக்குள் உண்மையான சுருள் ஸ்பிரிங். பள்ளங்களைக் கார் தானே விழுங்கிக்கொள்ளும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஓட்டிப் போய் இறங்கினால் முதுகு தெரியாது. என் நண்பர்களில் புதுக் கார் வைத்திருப்பவர்கள் ஒருமுறை ஓட்டிவிட்டுச் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏன் நான் இவ்வளவு அவசரமா ஓடினன்?"

குறையும் சொல்ல வேண்டும். ஏர்பாக் இல்லை. இருட்டிய பிறகு புளியங்குளம், கனகராயன்குளப் பக்கம் மாடும் யானையும் வீதிக்கு வரும். மஞ்சள் வெளிச்ச ஹெட்லைற் அதற்குப் போதாது. ரிலே வைத்து வயரிங்கைப் புதுப்பித்தால் அதே பல்பு நன்றாக எரியும். இரவுப் பயணத்தை இயன்றவரை குறைத்துக்கொள்வதுதான் என் வழக்கம்.

"மனிசி ஒத்துக்கொள்ளுறா இல்லை. என்ன செய்யலாம்?"

நேர்மையாகச் சொன்னால், அவ பெரும்பாலும் சரிதான். ஏசி ஒழுங்காக வேலை செய்யாத ஒரு காரில் பங்குனி வெயிலில் பட்டுச் சேலையோடு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகச் சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்? காருக்கு முதல் செலவு செய்ய வேண்டியது பெயின்ருக்கு இல்லை, ஏசிக்கு. அந்தக் கார்கள் வந்தபோது இருந்த பழைய வாயு இப்போது கிடைக்காது. ஆர்134ஏ என்ற வாயுவுக்கு மாற்ற வேண்டும். கண்டென்சரையும் பெரிதாகப் போடுங்கள்.

வீட்டில் இன்னொரு கார் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதுதான் ஒரே வாகனம் என்றால் யோசியுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட நேரமும் மெக்கானிக் வரும் நேரமும் ஒருநாளும் பொருந்தாது.

"அக்காமார் ஓட்டினால் சனம் என்ன சொல்லும்?"

பொலிஸ் ஒன்றும் சொல்லாது, சனம்தான் சொல்லும். நண்பர் ஒருவரின் மனைவி பீஜோ 404 ஓட்டுகிறா. கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ள வகை. கராஜில் போய் இறங்கினால் "முதலாளி எங்கை?" என்று பின் சீற்றை எட்டிப் பார்ப்பார்களாம். ஸ்கூட்டியில் போகும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்காத கிளிநொச்சியில் இது இன்னும் மிச்சம் இருக்கிறது. பவர் ஸ்டியரிங் இல்லாத காரை நிறுத்துமிடத்தில் திருப்பும்போது உதவி செய்ய நாலு பேர் ஓடி வருவார்கள். அவ "வேண்டாம் தம்பி" என்று ஒரே முறையில் பார்க் பண்ணிவிட்டுப் போவா. இப்போது அந்தச் சந்தியில் அந்தக் கேள்வி வருவதில்லை.

"கலியாணத்துக்குத் தருவியளோ?"

கார் வாங்கிய செய்தி ஊருக்குத் தெரிந்த கிழமையே இது தொடங்கும். மறுப்பது கஷ்டம், ஏனென்றால் கேட்பவர் சொந்தக்காரர், அல்லது சொந்தக்காரரின் சொந்தக்காரர். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் ஒரே நாளுக்கு இரண்டு பேர் கேட்டு, கொடுக்காத வீட்டோடு கதை பேச்சு நின்றுபோனதும் உண்டு. பெரிய பழைய கார் படத்தில் அழகாக இருக்கும் என்பது ஒன்று. பெண் வீட்டார் மனதில் இன்னொன்றும் இருக்கும்: அம்மம்மாவின் கலியாணம் ஏ40இல் நடந்தது, பேத்தியின் கலியாணமும் அப்படி ஒரு காரில் நடக்கட்டும்.

நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது: காரைக் கொடுப்பதில்லை, காரோடு நானும் வருவேன். காசு வாங்குவதில்லை, டீசல் அவர்கள் பொறுப்பு. பூவை ரிப்பனில் கட்டலாம், பெயின்ரில் செலோ ரேப் ஒட்டக்கூடாது. வெயிலில் காய்ந்தால் பெயின்ரோடு உரிந்து வரும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் கார் நடை வேகத்தில் அரை மணித்தியாலம் ஊர வேண்டும். அப்போது வெப்பமானியில் கண் இருக்க வேண்டும், நாதஸ்வரத்தில் அல்ல. வாடகைக்கு விட விரும்பினால் காப்புறுதிக்காரரிடம் முதலில் கேளுங்கள். தனிப்பட்ட பாவனைக் காப்புறுதி வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது.

"செத்தவீட்டுக்குக் கேட்டால்?"

போங்கள். இதற்கு மட்டும் நிபந்தனை வைக்க வேண்டாம்.

"திறப்பைக் கழற்றின பிறகும் எஞ்சின் நிக்குதில்லை. சனம் பார்த்துச் சிரிக்குது!"

பழைய டீசல் பென்ஸ் வாங்கியவர்களிடமிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இது. பயப்பட ஒன்றுமில்லை. டீசல் எஞ்சினுக்குப் பொறி தேவையில்லை. எரிபொருளை வெட்டினால்தான் நிற்கும். இந்தக் காரில் அந்த வேலையைச் செய்வதும் மேலே சொன்ன அதே வெற்றிடக் குழாய்தான். எங்காவது ஒரு ரப்பர் வெடித்துக் காற்றுப் புகுந்தால், திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாலும் கார் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பொனட்டைத் திறந்தால் எஞ்சின் மேல் "ஸ்டொப்" என்று எழுதிய ஒரு நெம்பு இருக்கும். அதை அமத்துங்கள், நின்றுவிடும்.

கதவுப் பூட்டுகளும் அதே நேரத்தில் மந்தமாகியிருந்தால் கசிவு கதவுப் பக்கத்தில் என்று பிடித்துக்கொள்ளலாம். குழாய் மீற்றர் கணக்கில் மலிவு. காலையில் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை, குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கிப் பிடிக்கவைக்கும் குளோ பிளக்கைப் பாருங்கள். 1980க்கு முந்தின கார்களில் அவை தொடராக இணைக்கப்பட்டவை: ஒன்று போனால் நாலும் போகும்.

"மெக்கானிக் ஜப்பான் எஞ்சின் போடச் சொல்லுறார். போடலாமோ?"

மெக்கானிக்குகளில் இரண்டு வகை. வயதானவர் காரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வருவார், எஞ்சினை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார், "இவன் நல்லவன்" என்பார். இளையவர் கம்பியூட்டர் செருகும் இடத்தைத் தேடுவார். எஞ்சின் மாற்றும் யோசனை அங்கிருந்துதான் வரும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு நாலு ஓட்டோவும் இரண்டு வானும் வரிசையில் நிற்க, இதற்கென்று மினக்கெட அவருக்கு நேரமில்லை.

எஞ்சின் உண்மையிலேயே முடிந்திருந்தால் போடலாம், ஆனால் புது எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றாமல் வீதிக்கு வராதீர்கள். மற்றபடி மாற்றாதீர்கள். டபிள்யூ123க்குப் பாகம் கிடைக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையதும், கம்பனி வழியாகப் புதியதும் எடுக்கலாம். மாற்றிய காரை விற்கப் போனால் விலை விழும். பழைய பெற்றோல் கார்களுக்கு ஒரு குறிப்பு: பெற்றோலில் ஈயம் நீக்கப்பட்ட பிறகு வார்ப்பிரும்புத் தலை கொண்ட எஞ்சின்களில் வால்வு இருக்கை தேயும். தலையைக் கழற்றும் வேலை வரும்போது கடினமான இருக்கைகளைப் போட்டுவிடுங்கள்.

"பொலிஸ் மறிச்சால்? ஸ்ரீ நம்பர் தகட்டாலை கரைச்சல் வருமோ?"

மறிப்பார்கள். அனேகமாகப் பார்ப்பதற்குத்தான். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் மூன்றும் கையில் இருந்தால் அடுத்த கேள்வி "விக்கிறீங்களா?" என்று உடைந்த தமிழில் வரும். தென்பகுதியிலிருந்து வந்த பொலிஸ்காரர்களில் பலருக்கு இந்தக் கார்கள் நன்றாகத் தெரியும். சொந்த ஊரில் ஒரு மாமாவிடம் இருந்திருக்கும்.

தகட்டால் சட்டப் பிரச்சினை இல்லை, பழைய இலக்கம் செல்லும். ஆனால் பெரியவர்கள் அதைப் பார்க்கும் பார்வை வேறு. 1957இல் வாகனத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது தமிழரசுக் கட்சி எதிர்த்து இயக்கம் நடத்தியது. தமிழில் ஸ்ரீ எழுதி ஓட்டினார்கள், அடுத்த வருடம் எழுத்துகளில் தார் பூசுதல் வரை போனது. அதை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைக்குக் கார் விரும்பிகள் அதே தகட்டைப் பெருமையாகத் துடைத்து வைக்கிறார்கள், அசல் இலக்கம் என்பதால். ஒரு பெரியவர் உங்கள் தகட்டைப் பார்த்து முகம் சுளித்தால் காரணம் இதுவாக இருக்கலாம். வாதிடத் தேவையில்லை.

"விக்கிறியளோ?"

இல்லை என்று சொன்னாலும் மறுபடி வருவார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 தொடக்கத்தில் திறக்கும் வரை எல்லாப் பழைய வாகனமும் விலை ஏறியது. அந்தக் காலத்தில் கேட்டவர்களில் பலருக்குத் தேவை ஓடுகிற வாகனம், கிளாசிக் இல்லை. இப்போது கேட்பவர்கள் கொஞ்சம் வேறு. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்து, வீட்டு முற்றத்தில் நிறுத்தி வைக்க ஒன்று வேண்டும் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு விற்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடாமல் நிற்கும் காரின் வயரை எலி தின்னும், பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

"பத்தைக்குள்ள ஒரு பழைய கார் கிடக்குது. எடுத்துத் திருத்தலாமோ?"

முதலில் நிலம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும், யாரும் நடமாடாத பத்தைக்குள் இருக்கும் வாகனத்தை நீங்களாக இழுக்காதீர்கள். கிராம சேவையாளரிடம் சொல்லி, நிலம் துப்புரவாக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

அடுத்தது சொந்தம். கைவிடப்பட்டது என்பதற்காக அது யாருடையதும் இல்லை என்று ஆகாது. விட்டுவிட்டுப் போனவர் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பி இரண்டு கிராமம் தள்ளி இருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம், பிள்ளைகள் இருக்கலாம். சேசி இலக்கத்தை எழுதி எடுத்துப் பதிவைத் தேடுங்கள். புத்தகமும் சொந்தக்காரரின் கையெழுத்தும் இல்லாமல் திருத்தத் தொடங்கினால், செலவழித்து முடிக்கும்போது உங்கள் கையில் வீதிக்கு வர முடியாத ஒரு கார் இருக்கும். "பாகத்துக்கு மட்டும் எடுப்பம்" என்பதும் அதே திருட்டுத்தான்.

"இது எங்கட அப்பான்ர கார்!" எண்டு ஒருத்தர் வந்து சொன்னால்?

இது நடக்கும். மேலே "ஆரின்ர கார்?" என்ற கேள்விக்குச் சொன்னதை நினைவில் வையுங்கள். பெரும்பாலும் அது அதே நிறம், அதே மாதிரி, வேறு கார். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்த ஒருவர், பன்னிரண்டு வயதில் பின் சீற்றில் இருந்த காரை முறிகண்டியில் கண்டால் இலக்கமா பார்ப்பார்? உடனே "இல்லை, இது கண்டிக் கார்" என்று வெட்டாதீர்கள். "உங்களிட்டைப் பழைய இலக்கம், படம் ஏதும் இருக்கோ?" என்று கேளுங்கள். பதிவுப் புத்தகத்தின் பெயர் வரிசையைக் காட்டுங்கள். பத்து நிமிடத்தில் அவருக்கே தெரிந்துவிடும். பிறகும் அவர் ஒருமுறை ஏறி இருக்கக் கேட்பார், விடுங்கள்.

உண்மையிலேயே அதே காராக இருந்தால்? என் நண்பர் ஒருவருக்கு இது நடந்தது. கார் ஒஸ்டின் ஏ60 கேம்பிரிட்ஜ். சேசி இலக்கம் பொருந்தியது. இடையில் மூன்று கை மாறி, எல்லாக் கைமாற்றமும் புத்தகத்தில் ஒழுங்காக ஏறியிருந்தது. ஆகவே சட்டப்படி நண்பருடையதுதான், வந்தவரும் அதை மறுக்கவில்லை. வாங்கவும் கேட்கவில்லை. தகப்பன் பதிவுப் புத்தகத்தில் வைத்த கையெழுத்தைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார். கைமாற்றம் புத்தகத்தில் இல்லாமல் இருந்திருந்தால் கதை வேறு. அப்படி ஒரு ஓட்டை உங்கள் புத்தகத்தில் இருக்கிறதென்றால், யாரும் வந்து கேட்பதற்கு முன் சட்டத்தரணி ஒருவரைப் போய்ப் பாருங்கள், அதுவரை காரை விற்கவும் வேண்டாம், பெரிய செலவும் செய்ய வேண்டாம்.